சுவிஸ் நாடு பிறக்கும்போதே பணக்கார நாடா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெர்ன் நகரத்தைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்குப் பிறகு, சுவிட்சர்லாந்து பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. என் மகள் அங்கே குடும்பத்தோடு குடியிருக்கிறாள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் பினாங்கில் பாதி, அவள் வீட்டில் பாதி என்று வாழ்ந்து வருகிறேன். எனவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த நாட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். வரலாறு கற்பித்தவள் நான். ஆண்டுகளை விடாமல் சொல்வேன். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கொடிமலை ரயிலை ‘சுவிஸ் ரயில்’ என்று என் தாத்தா சொல்வார். நம் ஊர் மலையில் ஓடும் ரயிலுக்கும் அந்த நாட்டுக்கும் என்ன உறவு?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

தாத்தா சொன்னதில் பொருள் இருக்கிறது. செங்குத்தான மலையில் கம்பிவடம் கட்டி வண்டியை இழுக்கும் கலையை வளர்த்தவர்களில் சுவிஸ் பொறியாளர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். நம் பினாங்குக் கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. பழைய பாதையை 2010-இல் மூடிவிட்டு 2011-இல் புதிய வண்டிகளோடு திறந்தார்களே, அந்த அமைப்பைக் கொண்டுவந்தது கரவெண்டா என்ற சுவிஸ் நிறுவனம். பாதி மலையில் இறங்கி வண்டி மாறிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அடுத்த முறை ஏறும்போது வண்டியின் மேல்முனையில் நின்றுகொள்ளுங்கள். பாதை நெடுக ஒற்றைத் தடம்தான். நடுவழியில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, சற்றுத் தூரம் ஓடி, மறுபடி ஒன்றாகிறது. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று கடக்கின்றன. சாதாரண ரயில் பாதையில் தடம் பிரியும் இடத்தில் தண்டவாளத்தின் ஒரு துண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்து வழிவிடும். இந்த வகைப் பாதையில் எதுவுமே நகர்வதில்லை. இதைச் செய்து காட்டியவர் கார்ல் ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர்.

ஒரு வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு அவர் இரண்டு விளிம்புகள் வைத்தார். அவை தண்டவாளத்தை இரு புறமும் கவ்விக்கொண்டு போகும். வலப்பக்கச் சக்கரங்களுக்கு விளிம்பே கிடையாது; அகலமான உருளைகள். குறுக்கே வரும் தண்டவாளத்தை அவை மேலாகவே உருண்டு கடந்துவிடும். மற்றொரு வண்டிக்கு இந்த ஏற்பாட்டை அப்படியே இடவலம் மாற்றிவிட்டார். ஆகவே ஒரு வண்டி எந்நாளும் இடப்பக்கமாகவும் மற்றது எந்நாளும் வலப்பக்கமாகவும் பிரிந்து போகின்றன. தடம் மாற்ற ஆள் வேண்டாம், கைப்பிடி வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை. 1879-இல் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து கீஸ்பாக் ஓட்டலுக்கு ஏறும் ரயிலில் இதை முதலில் அமைத்தார்கள். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. அதில் போகும்போது நான் ஏரியையும் அருவியையும் விட்டுவிட்டு அந்தப் பிரியும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: தே தாரிக் நம் நாட்டுப் பானம். அதில் ஊற்றும் டின் பால் எங்கிருந்து வந்தது?
– பிறை வாசகி

கேட்டீர்களே, இதற்கும் பினாங்கில்தான் பதில் இருக்கிறது. 1912-இல் ‘ஆங்கிலோ–சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி’ என்ற நிறுவனம் பினாங்கில் வணிகம் தொடங்கியது. மலேசியாவில் நெஸ்லேயின் வரலாறு அந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. 1939-இல் அது கோலாலம்பூருக்கு மாறியது.

பாலைச் சுண்டக் காய்ச்சிச் சீனி சேர்த்து டின்னில் அடைக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கெய்ல் போர்டன். ஆண்டு 1856. சார்லஸ் பேஜ், ஜார்ஜ் பேஜ் என்ற இரு அமெரிக்கச் சகோதரர்கள், சுவிட்சர்லாந்தில் பால் பெருகிக் கிடப்பதைப் பார்த்து 1866-இல் சாம் என்ற ஊரில் ஐரோப்பாவின் முதல் டின் பால் ஆலையைத் தொடங்கினார்கள். அவர்கள் நிறுவனம்தான் அந்த ஆங்கிலோ–சுவிஸ். பின்னர் 1905-இல் அதுவும் நெஸ்லேயும் ஒன்றாயின.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில், நம்முடைய வெயிலில், கறந்த பால் அரை நாள் தாங்காது. டின் பால் தாங்கியது. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் என் அம்மா, டின்னின் மேல்தகட்டில் எதிரெதிராக இரண்டு துளை போட்டு, ஒன்றில் காற்று புக மற்றொன்றில் பால் நூலாக இறங்குவதை அளந்து அளந்து கோப்பியில் விடுவார். எறும்பு ஏறாமல் டின்னை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைப்பார். காலி டின்னையும் யாரும் எறிந்ததில்லை. கடைக்காரர் அதில் கயிறு கட்டிக் கோப்பியை ஊற்றிக் கொடுப்பார். விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

கேள்வி: மேகி கோரெங் சாப்பிடுகிறோம். மேகி என்பது ஆளா, ஊரா?
– ஜார்ஜ் டவுன், கல்லூரி மாணவர்

ஆள்தான் தம்பி. ஜூலியஸ் மேகி, 1846-இல் பிறந்த சுவிஸ் ஆலை முதலாளி. அவர் காலத்தில் சுவிஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். வீட்டில் சமைக்க நேரமில்லை, இறைச்சி வாங்கக் காசில்லை. தொழிலாளர் குடும்பங்கள் சத்தில்லாமல் மெலிவதைக் கண்டு குரல் கொடுத்தவர் ஃபிரிடோலின் ஷூலர் என்ற மருத்துவர். அவர் தொழிற்சாலை ஆய்வாளராகவும் இருந்தார். பட்டாணி, அவரை போன்ற பயறுகளை விரைவில் வேகும்படி மாவாக்கிக் கொடுக்க முடியுமா என்று தேடியபோது முன்வந்தவர் மேகி. 1880-களின் நடுவில் அவருடைய பயற்று மாவும், 1886-இல் தூள் சூப்பும் விற்பனைக்கு வந்தன. நிறுவனம் 1947-இல் நெஸ்லேயுடன் இணைந்தது.

நூடல்ஸ் எல்லாம் பின்னால் வந்த கதை. ஏழைத் தொழிலாளியின் தட்டில் பருப்புச் சத்து விழவேண்டும் என்பதுதான் தொடக்கம். நீங்களும் அடுத்த முறை கோரெங்கில் ஒரு முட்டையும் கீரையும் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் தலைநகரம் ஜெனீவாவா, சூரிக்கா?
– தாப்பா வாசகர்

இரண்டும் இல்லை. அரசும் நாடாளுமன்றமும் 1848 முதல் பெர்னில் இருக்கின்றன. ஆனால் ‘தலைநகரம்’ என்று அரசியல் சட்டம் எந்த ஊரையும் குறிப்பிடவில்லை. பெர்னைக் ‘கூட்டாட்சி நகரம்’ என்கிறார்கள். 26 மாநிலங்களில் ஒன்றுக்கும் மனக்குறை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: கடிகாரம், சாக்லேட், வங்கி என்று செல்வத்தில் மிதக்கும் நாடு. பிறக்கும்போதே பணக்கார நாடா? பஞ்சம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா?
– சுங்கைப் பட்டாணி வாசகர்

தெரியும் ஐயா. நன்றாகவே தெரியும். வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் தனியே எடுத்து வைத்தேன்.

பாறையும் பனியுமான நாடு. கடற்கரை இல்லை, நிலக்கரி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, விளைநிலம் ஊருக்கே போதவில்லை. பல நூற்றாண்டுகளாக அந்த மலைகளிலிருந்து வெளியே போன முக்கியமான சரக்கு, அவர்களுடைய பிள்ளைகள். பிரான்ஸ், ஸ்பெயின், நேப்பிள்ஸ் என்று யார் கூலி கொடுத்தாலும் அவர்களுக்காகச் சண்டை போடப் போனார்கள். வத்திக்கானில் கோடுபோட்ட வண்ண உடையில் நிற்கும் காவலர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1506-இல் போப்பாண்டவருக்குக் காவலாகப் போன சுவிஸ் கூலிப்படையின் வழி வந்தவர்கள் அவர்கள். 1527 மே 6-ஆம் தேதி ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது அங்கிருந்த 189 பேரில் 147 பேர் மாண்டார்கள். இன்றும் புதிய காவலர்கள் மே 6 அன்றுதான் உறுதிமொழி எடுக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்த உடையைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டில் சோறில்லாமல் வேல் தூக்கப் போன பையன்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. 1815 ஏப்ரலில் நம் பக்கத்து இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வெடித்த ஓசை சுமத்ரா வரை கேட்டது. அது கக்கிய கந்தகம் வானத்தின் உயரத்தில் பரவி வெயிலை மறைத்தது. மறு ஆண்டு, 1816-இல், ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. சுவிட்சர்லாந்தில் ஓயாத மழை, ஆனி ஆடியிலும் பனி. தானியமும் உருளைக்கிழங்கும் அழுகின. கிழக்குப் பகுதியில் மக்கள் புல்லைப் பிடுங்கித் தின்றார்கள். 1819-இல் இரண்டாயிரம் பேர் அளவில் நாட்டை விட்டுப் பிரேசிலுக்குக் கப்பலேறினார்கள். நூற்றுக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் குடியேறிய ஊர் நோவா ஃபிரிபுர்கோ. கப்பலேறி வந்த பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதை சொன்னவள் ஆவேன். ஏழைகளின் பிள்ளைகள், தாய் தந்தையை இழந்தவர்கள், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள் – இவர்களை ஊராட்சி அதிகாரிகளே பிடித்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில ஊர்களில் இது ஏலமாகவே நடந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ள ஊராட்சியிடம் யார் மிகக் குறைந்த தொகை கேட்கிறாரோ, அவருக்கே பிள்ளை. விடியற்காலையில் மாட்டுத் தொழுவம், பிறகு பள்ளி, பிறகு மறுபடி தொழுவம். அடியும் பட்டினியும் பலருக்குத் தினப்படி. இந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. என் வயதையொத்த சுவிஸ் மக்களில் இதை அனுபவித்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

2013 ஏப்ரல் 11 அன்று, நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சிமோனெட்டா சொமருகா, பெர்னில் பாதிக்கப்பட்டவர்களின் முன்னால் நின்று அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விண்ணப்பித்து உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் வழங்கினார்கள். இழந்த குழந்தைப் பருவத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும், தன் கணக்குப் புத்தகத்தின் அழுக்குப் பக்கத்தை ஓர் அரசே எல்லோர் முன்னும் விரித்துக் காட்டியதே, அந்த நாட்டின் வங்கிகளைவிட அதைத்தான் நான் மதிக்கிறேன்.

கேள்வி: முன்னேறிய நாடு. பெண்களுக்கு எல்லா உரிமையும் முதலிலேயே கிடைத்திருக்கும் அல்லவா?
– கிள்ளான் வாசகி

இல்லை அம்மா. மலாயாவில் 1955 பொதுத் தேர்தலிலேயே நம் பெண்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1971 பிப்ரவரி 7-ஆம் தேதி!

ஏன் இத்தனை தாமதம் என்றால், அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அந்த ‘மக்கள்’ ஆண்கள் மட்டுமே. 1959-இல் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். 1971-இல் அதே அளவு பேர் ‘சரி’ என்றார்கள். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சின்னஞ்சிறு மாநிலம் அப்போதும் இறங்கி வரவில்லை. அங்கே ஏப்ரல் கடைசி ஞாயிறன்று ஊர்ச் சதுக்கத்தில் திறந்தவெளியில் கூடி, கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். வாக்காளர் என்பதற்கு அடையாளமாக ஆண்கள் இடுப்பில் வாள் அணிந்து வருவார்கள். 1990 ஏப்ரலிலும் அந்தக் கைகள் பெண்களுக்கு எதிராகவே உயர்ந்தன. அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி கூட்டாட்சி நீதிமன்றம் குறுக்கிட்டு, பெண்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரலில்தான் பெண்கள் அந்தச் சதுக்கத்தில் கால் வைத்தார்கள். வாள் வைத்திருக்கும் ஆண்களுக்கு இன்றும் அது அனுமதிச் சீட்டாகச் செல்லும். பெண்கள் வாக்குச் சீட்டு அட்டையைக் காட்டி உள்ளே போகிறார்கள்.

1988 வரை குடும்பச் சட்டத்தில் கணவர்தான் தலைவர். மனைவி வேலைக்குப் போக அவர் சம்மதம் தேவை. என் மகளுடைய மாமியார் வயதுள்ள பெண்கள் இதைச் சொல்லும்போது குரல் இன்னும் சூடாகிறது. சூடாகவே வேண்டும்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு நடத்துவார்களாமே? அப்படி என்றால் எல்லாரும் தங்களுக்கு வேண்டியதையே கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்களா?
– ஈப்போ வாசகர்

நல்ல கேள்வி. ஆண்டுக்கு நான்கு முறை வரை வாக்குச் சீட்டு உறையில் வீட்டுக்கு வருகிறது. 18 மாதங்களுக்குள் ஒரு இலட்சம் கையெழுத்து சேர்த்தால், அரசியல் சட்டத்தில் மாற்றம் கேட்டு யார் வேண்டுமானாலும் நாட்டையே வாக்களிக்க வைக்கலாம். 2012 மார்ச்சில், சம்பளத்தோடு ஆண்டு விடுமுறையை நான்கு வாரத்திலிருந்து ஆறு வாரமாக்கலாமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். சிறு கடைகளும் பட்டறைகளும் தாங்காது, வேலை போய்விடும் என்ற கணக்கு.

எனக்குப் பிடித்தது அர்மின் கபாவுல் என்ற மலைநாட்டு விவசாயியின் கதை. பண்ணைகளில் கன்றுக்குட்டியின் கொம்பு முளைக்குமுன்பே சூட்டுக்கோலால் பொசுக்கிவிடுகிறார்கள். நெருக்கமான தொழுவத்தில் மாடுகள் ஒன்றையொன்று குத்தாமல் இருக்க. மாட்டுக்குக் கொம்பு இருப்பதுதான் இயற்கை, அதை விட்டு வைக்கும் விவசாயிக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும் என்று அவர் கிளம்பினார். பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லை. சந்தைகளில் நின்று கையெழுத்து வாங்கினார். ஒரு இலட்சத்துக்கு மேல் சேர்ந்தது. 2018 நவம்பர் 25 அன்று நாடே மாட்டுக் கொம்பைப் பற்றி வாக்களித்தது. 54.7 விழுக்காட்டினர் மறுத்துவிட்டார்கள், தோற்றார். ஆனாலும் ஒரு மாட்டுக்காரரின் மனக்குறை ஒரு நாட்டையே உட்கார்ந்து யோசிக்க வைத்தது. அதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை நான் மனதாரப் போற்றுகிறேன்.

கேள்வி: சுவிஸ் நாட்டில் ஜல்லிக்கட்டு உண்டா?
– பட்டர்வொர்த் வாசகர்

மனிதர் மாட்டை அடக்குவது இல்லை. பசுவும் பசுவும் மோதுவது உண்டு. வாலே மாநிலத்தில் ஏரென்ஸ் என்ற இனம். குட்டையான கால், கருத்த உடல், முறுக்கேறிய கழுத்து. மேய்ச்சலுக்கு மலையேறும்போது மந்தைக்குத் தலைவி யார் என்று அந்தப் பசுக்கள் தாமே நெற்றியோடு நெற்றி முட்டித் தீர்த்துக்கொள்ளும். அந்த இயல்பையே போட்டியாக நடத்துகிறார்கள். பின்வாங்கியது தோற்றது, வென்றதற்கு ‘அரசி’ என்று பட்டம். கோடை முடிந்து மலையிலிருந்து இறங்கும்போது பசுக்களுக்குப் பூ முடித்து, பெரிய மணி கட்டி, ஊரே தெருவில் நின்று வரவேற்கிறது. மாட்டுப் பொங்கலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தெரு சொந்த ஊர் போலவே இருக்கும்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல் கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டால் சிறை என்கிறார்களே!
– சிரம்பான் வாசகி

அப்படி ஒரு தேசியச் சட்டமே கிடையாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி காக்க வேண்டும் என்பது பெரும்பாலான அடுக்குமாடிகளின் ஒழுங்கு. அதைத்தான் ஊதிப் பெருக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் இயந்திரம், துளைபோடும் கருவி, கண்ணாடிப் போத்தலைத் தொட்டியில் போடுவது – எதுவும் கூடாது.

நீங்கள் அஞ்ச வேண்டியது துணி துவைக்கும் அறைக்குத்தான். பல கட்டடங்களில் வீட்டுக்குள் துவைக்கும் இயந்திரம் இருக்காது. கீழ்த்தளத்தில் பொது அறை. சுவரில் ஒரு நாட்காட்டி. அவரவர் பெயரை அவரவர் நாளில் எழுதவேண்டும். என் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் துவைத்து முடித்தபின் செய்யவேண்டியவை: சோப்புத்தூள் இழுப்பறையைக் கழற்றிக் கழுவ வேண்டும், கதவைச் சுற்றிய ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கி ஈரம் ஒற்ற வேண்டும், உலர்த்தியின் வடிகட்டியிலிருந்து பஞ்சை உரித்தெடுக்க வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். எனக்குப் பின் வருகிறவர் என் பஞ்சைத் தொடக்கூடாது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பினாங்கிலும் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: சுவிஸ் சீஸில் ஏன் ஓட்டை?
– பாயான் லெப்பாஸ், ஆறாம் ஆண்டு மாணவி

பாலில் உள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயுதான் ஓட்டையாகிறது கண்ணே. அந்த வாயு எங்கே கூடுகிறது என்பதை 2015-இல் அக்ரோஸ்கோப் என்ற அரசு ஆய்வு நிறுவனம் விளக்கியது. மாட்டுக்குப் போடும் உலர்ந்த புல்லின் கண்ணுக்குத் தெரியாத துகள் பாலில் விழுந்தால் அதைச் சுற்றி ஓட்டை உருவாகிறது. மூடிய இயந்திரத்தில் பால் கறக்கத் தொடங்கியபின் துகள் குறைந்தது, ஓட்டையும் குறைந்தது.

கேள்வி: நம் தமிழர்கள் அங்கே இருக்கிறார்களா? கோயில் உண்டா?
– தண்ணீர்மலை அருகிலிருந்து ஒரு வாசகர்

1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். முதல் தலைமுறையில் பலர் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கினார்கள். பிள்ளைகள் இன்று மருத்துவர்கள், பொறியாளர்கள்.

பெர்னில் ‘சமயங்களின் இல்லம்’ என்று ஒரு கட்டடம் 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் சிவன் கோயில், பள்ளிவாசல், பௌத்தர்களின் வழிபாட்டிடம், கிறிஸ்தவ ஆலயம், அலெவி என்ற சமயப் பிரிவினரின் கூடம். சிவன் கோயிலில் தமிழில் ஓதிப் பூசை செய்கிறார்கள்; பெண்களும் பூசகர்களாக இருக்கிறார்கள். அங்கே இருக்கும் சைவ உணவகத்துக்கு ‘வணக்கம்’ என்றே பெயர். டிராம் வண்டியில் வந்து இறங்கிய சுவிஸ் அலுவலகக்காரர்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மேலே தேவாரம் கேட்கும். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சுவிஸ் வங்கியில் கறுப்புப் பணம் இன்னும் பத்திரமாக இருக்குமா?
– கோலாலம்பூர் வாசகர்

1934 சட்டம் வாடிக்கையாளர் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. 2018 முதல் பல நாடுகளோடு கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கிறார்கள். பழைய காலம் போய்விட்டது, போனது நல்லது.

கேள்வி: சரவாக் காட்டில் காணாமல் போன சுவிஸ்காரரைப் பற்றிச் சொல்லுங்கள்.
– பெட்டாலிங் ஜெயா வாசகர்

புரூனோ மன்சர். 1954-இல் பாசெல் நகரில் பிறந்தவர். கட்டாய ராணுவப் பணியை மறுத்துச் சிறை சென்றார். பின் பல ஆண்டுகள் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்து, சீஸ் செய்யக் கற்றார். 1984-இல் சரவாக் வந்து, அந்தக் காட்டின் பழங்குடிகளான பெனான் மக்களோடு 1990 வரை வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்றார். கண்ட செடி கொடிகளையும் பூச்சிகளையும் குறிப்பேடுகளில் வரைந்தார். காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து அந்த மக்கள் பாதையில் தடுப்பு அமைத்தபோது கூட நின்றார். சுவிட்சர்லாந்து திரும்பி, 1993-இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அறுபது நாள் உண்ணாநோன்பு இருந்தார். 2000 மே மாதம் மறுபடி சரவாக் காட்டுக்குள் சென்றவர் திரும்பவில்லை. 2005-இல் பாசெல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. நம் அரசுக்கு அவர் பெரும் தலைவலியாக இருந்தார். பெனான் மக்களின் காட்டை உலகம் அறிந்தது அவராலும்தான். அதை நாம் மறக்கக்கூடாது.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு போகிறோம். கடிவாளம் இல்லாமல் செலவாகும் என்கிறார்கள். ஒன்றிரண்டு யோசனை சொல்லுங்கள், ஆசிரியை.
– நிபோங் திபால் தம்பதி

முதலில் தண்ணீர்ப் போத்தல் வாங்காதீர்கள். தெருவோரக் குடிநீர் ஊற்றுகளில் பிடித்துக் குடியுங்கள். சூரிக் நகரில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. குடிக்கத் தகாதது என்றால் எழுதி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் முட்டையும் வாங்கி வையுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும். தங்குமிடத்தில் அடுப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அரிசியும் பருப்பும் கிடைக்கும், நம் தமிழர் கடைகளில் கருவேப்பிலைகூடக் கிடைக்கும்.

ரயில் ஏறும்போது நிலையக் கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1944-இல் ஹன்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்தது. பின்னர் அவர் சேர்த்த சிவப்பு விநாடி முள், ரயில்வே ஊழியர் வண்டியை அனுப்பக் காட்டும் வட்டத் தகட்டைப் போல இருக்கும். அது வட்டத்தை 58.5 விநாடியில் சுற்றிவிட்டு உச்சியில் நின்று காத்திருக்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிட முள் ஒரு படி தாவும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். நாடு முழுக்க எல்லா நிலையங்களிலும் ஒரே நேரம் காட்டுவதற்காக. பிள்ளைகள் அதில் மெய்மறந்து நிற்கும்போது நீங்கள் வண்டியில் ஒரு கண் வையுங்கள்; யாருக்காகவும் அது நிற்காது.